நத்தை ஓடு வேக வைத்த பள்ளிக்கூடம்

1899. இங்கிலாந்தின் யார்க் நகரத்துல ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம். நத்தை ஓடு சேகரிக்கிற பையன் ஒருத்தன், உள்ளே இருக்கிற சதை கழன்று வரட்டும்னு ஓடுகளை வேக வைக்கிறான். வேக வைச்சவன் அதை அப்படியே விட்டுட்டுப் போயிடறான். விளைவு, பள்ளியின் பெரிய கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு.

இதுவே நம்ம ஊரா இருந்தா மறுநாள் காலை பிரேயர்ல என்ன அறிவிப்பு வரும்னு உங்களுக்கே தெரியும். "இனிமே நத்தை, பூச்சி, இலை, தழை எதையும் யாரும் கையால தொடக் கூடாது." அங்கே கட்டடத்தைத் திருப்பிக் கட்டினாங்க. இயற்கை ஆராய்ச்சி சங்கத்தை மட்டும் மூடவே இல்லை. பையன்கள் மறுபடியும் நத்தை பொறுக்கப் போனாங்க.

ஒரு பள்ளிக்கூடம் நத்தை ஓட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை கொடுக்கணும்? அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: பதில் கடைசிப் பகுதியில் வரும், அதுல என் மானமும் கொஞ்சம் போகும்.

பள்ளியின் பெயர் பூத்தம். குவேக்கர்கள் நடத்தியது, இன்னும் நடத்துவது. முதல்ல குவேக்கர்னா யாருன்னு சொல்லிடறேன். ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்ட தாத்தா ஒருத்தர் சிரிப்பாரே, அந்தப் பேர்தான். ஆனா அந்த ஓட்ஸ் கம்பெனிக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் இது. பாதிரியார் கிடையாது. பலிபீடம் கிடையாது. எல்லாரும் ஒரு அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது மனதில் ஏதாவது தோன்றினால் எழுந்து பேசலாம், ஆணானாலும் பெண்ணானாலும். தோன்றவில்லை என்றால் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இவங்க செய்த கலகம் தமிழ் தெரிஞ்சவங்களுக்குச் சட்டுனு புரியும். அன்றைய ஆங்கிலத்தில் "நீ" வேற, "நீங்க" வேற. குவேக்கர்கள் எல்லாரையும் "நீ" என்றுதான் கூப்பிட்டார்கள், நீதிபதி உட்பட. பெரிய மனிதர் எதிரில் வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது அங்கத்து வழக்கம். இங்கே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இவங்க கழற்ற மாட்டேன்னு நின்னாங்க. அதுக்காகவே ஜெயிலுக்குப் போனவங்க உண்டு.

இன்னொன்று, சத்தியம் செய்ய மாட்டார்கள். கோர்ட்டில்கூட. "சத்தியமா சொல்றேன்னு ஒரு தடவை சொன்னா, மத்த நேரம் சொல்றதெல்லாம் பொய்யா?" இதுதான் அவங்க வாதம். ஆமாம்னா ஆமாம், இல்லைனா இல்லை. கடையில் பேரம் பேசுவதும் பொய்யில் சேர்த்தி என்பதால், ஒரே விலை போட்டு விற்றவர்களும் இவர்கள்தான். இந்தச் சத்தியம் விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க. பின்னாடி வருது.

விலை கொடுக்க வேண்டியிருந்தது. அரசாங்கத் திருச்சபையின் உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதவனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் பட்டம் கிடையாது. பட்டப் படிப்புக்கான தடை 1850களின் நடுவில்தான் விலகியது, மிச்சமிருந்த தடைகளும் போக 1871 ஆனது. பட்டாளத்துக்கு இவர்களே போக மாட்டார்கள். அரசுப் பதவிக்கும் வழியில்லை. அப்புறம் என்னதான் செய்வது? வியாபாரம், வங்கி, வைத்தியம், அறிவியல். காட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ என்று சாக்லேட் கம்பெனிகளெல்லாம் குவேக்கர் குடும்பங்களுடையவை. எம்.பி.பி.எஸ். படிச்சவங்களுக்கு இன்னும் ரெண்டு பேர் சொல்றேன். ஹாட்ஜ்கின் நோயின் தாமஸ் ஹாட்ஜ்கின். ஆபரேஷன் தியேட்டரில் கிருமியை ஒழித்த ஜோசப் லிஸ்டர். இரண்டு பேருமே குவேக்கர் வீட்டுப் பிள்ளைகள்.

இவங்க பள்ளிக்கூட வரலாற்றிலும் ஒரு டாக்டர் இருக்கார். ஜான் ஃபாதர்கில். எடின்பரோவில் படித்து லண்டனில் கொடிகட்டிப் பறந்த மருத்துவர். தொண்டைப் புண் பற்றி 1748இல் அவர் எழுதிய சிறு நூல் அந்தக் காலத்தில் பிரபலம். முகத்தில் ஷாக் அடிப்பது மாதிரி வரும் நரம்பு வலியைத் தெளிவாக எழுதி வைத்தவரும் இவரே. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அக்வர்த் என்ற ஊரில் நடந்த விடுதி 1773இல் மூடப்பட்டு, கட்டடம் சும்மா கிடந்தது. அதை வாங்கி, வசதி இல்லாத குவேக்கர் பிள்ளைகளுக்கு 1779இல் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். முன்னால் நின்றவர் ஃபாதர்கில். அடுத்த வருஷமே இறந்துவிட்டார். ஆனா பள்ளி இன்னும் நடக்குது.

பூத்தம் பிறந்தது அதற்குப் பிறகு, வசதி உள்ள வீட்டுப் பையன்களுக்காக. 1818இல் யோசனையைக் கிளப்பியவர் வில்லியம் ட்யூக். மனநல மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டிய காலத்தில், 1796இல் யார்க்கில் "ரிட்ரீட்" என்ற இல்லத்தைத் திறந்தவர். சங்கிலி இல்லை, தோட்டம் உண்டு, நோயாளியை மனிதராக நினைத்துப் பேசுவார்கள். ட்யூக் டாக்டர் கிடையாது, தேயிலை, காப்பி வியாபாரி. எங்க துறையின் பெரிய திருப்பம் ஒண்ணு மளிகைக்காரர் கையால நடந்துச்சுன்னு சொல்றதுல எனக்கு வெட்கமே இல்லை.

1823இல் பள்ளி தொடங்கியபோது சொந்த இடம் இல்லை. லாரன்ஸ் தெருவில் ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். யாரிடமிருந்து தெரியுமா? ரிட்ரீட் மனநல இல்லத்திடமிருந்து. 1846இல் பூத்தம் என்ற தெருவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெருப் பேரே பள்ளிப் பேராக நிலைத்தது.

இப்ப ஹாஸ்டலுக்குள்ள போவோம். பத்துப் பதினஞ்சு வயசுப் பையன்கள். அந்தக் காலக் குவேக்கர் வீட்டில் எதெல்லாம் ஆகாது? நாடகம் ஆகாது. நடனம் ஆகாது. சங்கீதம் ஆகாது. சீட்டு ஆகாது. நாவல் படிப்பது மனதைக் கெடுக்கும். பளபளப்பான சட்டைகூட ஆகாது. கிழமைப் பெயரிலும் மாதப் பெயரிலும் பழைய ரோமானிய, ஜெர்மானியச் சாமிகள் இருக்கிறார்கள் என்று அதையும் விட்டுவிட்டு, முதல் நாள், இரண்டாம் நாள், முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணித்தான் எழுதுவார்கள்.

அப்படின்னா பையன்கள் சாயங்காலம் என்னதான் பண்ணுவாங்க?

வெளியே போய் பார். இதுதான் கொடுத்த பதில். பறவையும் பூவும் வண்டும் கடவுள் படைத்தவை. அதைப் பார்ப்பதில் பாவம் ஒண்ணும் இல்லை. மத்த கதவெல்லாம் சாத்தியிருந்ததால், திறந்திருந்த இந்த ஒரு கதவு வழியா அத்தனை பேரும் முண்டியடிச்சுக்கிட்டு ஓடினாங்கன்னுதான் எனக்குத் தோணுது. இதில் ஒரு சோகமும் இருக்கு. நல்லாப் பாடக்கூடிய பையன் எத்தனை பேர் வேற வழி இல்லாம செடி பறிச்சுக்கிட்டு இருந்தானோ, யார் கண்டது?

ஜான் ஃபோர்டு என்பவர் 1828லிருந்து 1865 வரை தலைமையாசிரியர். அவர் காலத்தில், 1834இல், பள்ளியின் இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கியது. பள்ளிக்கூடங்களில் உள்ள இந்த மாதிரிச் சங்கங்களில் இதுதான் மிகப் பழையது என்று பள்ளிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். பிறகு வானத்தைப் பார்க்க ஒரு சின்ன ஆய்வுக்கூடமும் வந்தது. யார்க்கிலேயே தொலைநோக்கி செய்த தாமஸ் குக்கின் கருவியை அதில் வைத்தார்கள்.

பார்த்தா மட்டும் போதாது, எழுதணும். சங்கத்தின் உயிரே அந்த நாட்குறிப்புதான். தேதி, இடம், என்ன பார்த்தாய், எத்தனை, காற்று எந்தப் பக்கம், மழை உண்டா. படம் வரையத் தெரிந்தவன் படமும் போடுவான்.

அடுத்து கையெழுத்துப் பத்திரிகை. நம்மில் பல பேருக்கு இது தெரிஞ்ச சமாச்சாரம். கோடு போட்ட தாளில் ஒருத்தன் அழகா எழுதுவான், ஒருத்தன் அட்டை வரைவான், இருப்பது ஒரே பிரதி, கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குவேக்கர் பள்ளிகளிலும் இதே கதைதான். கட்டுரை, கவிதை முயற்சி, நடைப்பயணக் குறிப்பு எல்லாம் அதில் வரும்.

1877இல் இது அச்சுக்குப் போனது. "நேச்சுரல் ஹிஸ்டரி ஜர்னல்" என்று யார்க்கிலிருந்து ஒரு இதழ். குவேக்கர் பள்ளிகளில் இருந்த இயற்கைச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தியது. ஆசிரியர் குழுவில் பூத்தமில் பாடம் நடத்திய ஜே. எட்மண்ட் கிளார்க் இருந்தார். பறவை வந்த நாள், பூ பூத்த நாள், வானிலைக் கணக்கு, எந்தப் பள்ளிச் சங்கத்தில் யார் என்ன வாசித்தார்கள் என்ற செய்தி. இப்ப எடுத்துப் படிச்சா சுவாரஸ்யமா இருக்குமான்னு கேட்டீங்கன்னா, உண்மையைச் சொல்லணும், பெரும்பாலும் இருக்காது. ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருக்கும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. பதிமூணு வயசுப் பையன் "இந்த வருஷம் முதல் தகைவிலான் குருவியைப் பார்த்தேன்"னு நோட்டில் எழுதுவது வேற. அது அச்சாகி, பல ஊர்களில் தன்னை மாதிரியே பைனாகுலரும் நோட்டுமா அலையற பையன்கள் படிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு எழுதுவது வேற. அடிச்சு விட்டா மாட்டிக்குவான். ஒரு நாள் முன்னாடி பார்த்ததா எழுதினா பேர் கிடைக்கும். அந்த ஆசையை அடக்கி, பார்த்த தேதியை மட்டும் எழுதணும். சத்தியம் பண்ணாமலே உண்மை பேசணும்ங்கிற அந்தப் பழைய குவேக்கர் பிடிவாதம், இங்க தகைவிலான் குருவிக் கணக்குல வந்து உக்காந்திருக்கு.

வேதியியல் பாடத்தில் சூத்திரம் கற்றுக்கொடுத்த பள்ளிகள் இங்கிலாந்தில் நிறைய. தன் கண்ணை நம்பி எழுது, தெரியாததை எழுதாதே என்று பத்து வயதில் சொல்லிக்கொடுத்த பள்ளி எத்தனை இருந்திருக்கும்?

கிளார்க் பள்ளியோடு நிற்கவில்லை. எந்தப் பூ எந்த நாளில் முதலில் மலர்ந்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்ற கணக்கை இங்கிலாந்தின் ராயல் வானிலைக் கழகம் 1875லிருந்து 1947 வரை நாடு முழுக்க ஆட்களை வைத்துத் திரட்டியது. அதன் ஆண்டறிக்கைகளைத் தயாரித்தவர்களில் கிளார்க் முக்கியமானவர். வசந்தம் எத்தனை நாள் முன்னால் வர ஆரம்பித்திருக்கிறது என்று இன்றைக்குப் பருவநிலை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதெல்லாம் இந்த மாதிரிப் பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டுத்தான். கொன்றை சித்திரையில் பூக்கும்னு நமக்கும் தெரியும். எந்த வருஷம் எந்தத் தேதின்னு யார் எழுதி வச்சாங்க?

குறையும் சொல்லணும். அந்தக் காலத்தில் இயற்கையை நேசிப்பது என்றால் அதைப் பிடித்துக் கொன்று பெட்டியில் குத்தி வைப்பதும்தான். பறவைக் கூட்டிலிருந்து முட்டையை எடுத்து, ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதிவிட்டு, அடுக்கி வைப்பார்கள். இன்றைக்கு அதே இங்கிலாந்தில் அது குற்றம். மூட்டைப்பூச்சியைக் கொல்லவும் தயங்கும் சமண மரபைப் படித்த நமக்கு, சமாதானம் பேசும் குவேக்கர் பையன் முட்டையை ஊதுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இந்தப் பையன்கள் வளர்ந்து என்ன ஆனாங்க? நோபல் சமாதானப் பரிசும் ஒலிம்பிக் பதக்கமும் வாங்கிய பிலிப் நோயல்-பேக்கர் இந்தப் பள்ளிதான். கியூ தாவரவியல் பூங்காவின் ஹெர்பேரியத்தைக் கட்டிக்காத்த ஜான் கில்பர்ட் பேக்கர் இந்தப் பள்ளிதான். ஹூக்கரின் "ஃப்ளோரா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா" நூலில் அவரை, கொள்ளு, துவரை குடும்பத்துக்கான பகுதியை எழுதியவர் அவர். பாட்டனி படிச்சவங்க செடிப் பேருக்குப் பின்னாடி "பேக்கர்"னு பார்த்திருப்பீங்க. ஆனா நான் மூணு பேரைப் பற்றி மட்டும் சொல்லணும்.

முதல் ஆள் சில்வானஸ் தாம்சன். இங்கே படித்தார், இங்கேயே அறிவியல் ஆசிரியராகவும் இருந்தார். "கால்குலஸ் மேட் ஈஸி"யைப் படிச்சு பாஸ் பண்ணவங்க ஒரு கும்பிடு போடுங்க, எழுதினது இவர்தான். எக்ஸ்ரே கண்டுபிடித்தவுடன் லண்டனில் தொடங்கிய ரான்ட்கன் சங்கத்துக்கு முதல் தலைவர். 1910இல் பெரிய காந்தச் சுருள் ஒன்று செய்து, அதற்குள் தன் தலையையே விட்டுப் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் மினுமினுத்தது. எழுதி வெளியிட்டார். மூளையைக் காந்தத்தால் தூண்ட முடியும் என்பதை 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் ஒரு நல்ல கருவியாக ஆக்கினார்கள். இன்றைக்கு மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அந்தச் சிகிச்சை கொடுக்கிறோம். மனநல இல்லத்திடம் கட்டடம் வாங்கித் தொடங்கிய பள்ளி அந்தக் கடனை இந்த வழியா அடைச்சுதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

இரண்டாவது, சீபோம் ரௌன்ட்ரீ. சாக்லேட் குடும்பம். கிட்கேட் பின்னாளில் அவங்க ஃபேக்டரியில் வந்ததுதான். நத்தை ஓட்டால் பள்ளி எரிந்த அதே 1899இல், இதே யார்க்கில், இவர் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். தொழிலாளர் வீடு ஒண்ணு விடாம. 11,560 குடும்பங்கள், 46,754 மனிதர்கள். என்ன வேலை, என்ன கூலி, எத்தனை அறை, தண்ணீர்க் குழாய் எங்கே. ஒரு மனிதன் உயிரோடு உடம்பு தேறி வேலை செய்ய எத்தனை கலோரி வேண்டும், அதை வாங்க எத்தனை ஷில்லிங் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பீடி கிடையாது, பஸ் கிடையாது, குழந்தைக்கு பொம்மை கிடையாது. அவ்வளவு இறுக்கிப் பிடித்தும், ஊர் மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாக வந்தது. 1901இல் புத்தகமாகப் போட்டார்.

ஏழைகள் குடிச்சு அழியறாங்க, சோம்பேறிங்க, அதான் கஷ்டப்படறாங்கன்னு பேசிக்கிட்டிருந்த ஊர் அது. நம்ம வாட்ஸ்அப் குரூப் மாதிரியே. வறுமையின் அடிமட்டத்தில் கிடந்தவர்களில் பெரும்பான்மையோர் முழு நேரம் வேலை செய்பவன் வீட்டு ஆட்கள் என்று இவர் கணக்கு காட்டியது. கூலியே போதவில்லை. ஏழைத் தெருக்களில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தது. வறுமைக்கோடு என்று நாம் இன்று பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது. இந்தியாவிலும் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று ரொம்ப காலம் கோடு போட்டது இதே வழியில்தான். கோடு சரியா என்பது வேறு சண்டை. அதுக்குத் தனி த்ரெட் வேணும்.

பறவை எண்ணின பழக்கம்தான் அவரை வீடு வீடா அனுப்புச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லல. அவங்க அப்பா ஜோசப் ரௌன்ட்ரீயும் வறுமைப் புள்ளிவிவரத்தில் ஊறியவர்தான், அவரும் பூத்தம் மாணவர்தான். ஆனா போய்ப் பார், எண்ணு, எழுதுங்கிற அந்த வரிசை ஒண்ணுதானே?

மூணாவது ஆளுக்கு முன்னாடி என் மானம் போன கதை.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டியூட்டி. வார்டு நிரம்பி வழியுது. காலை ரவுண்ட்ஸுக்கு முன்னாடி எல்லா கேஸ் ஷீட்லயும் பி.பி., பல்ஸ் எழுதியாகணும். பாதி பேருக்குப் பார்த்தேன். மீதிக்கு நேத்து எழுதினதைப் பார்த்து 120/80, பல்ஸ் 80ன்னு தள்ளிட்டே போனேன். எல்லாரும் செய்யறதுதானேன்னு ஒரு சமாதானம். விடிஞ்சதும் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒரு ஷீட்டை எடுத்துக்கிட்டு பக்கத்துல வந்தாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. "சார், பதினேழாம் பெட் நேத்து சாயங்காலமே டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாரு."

காலி கட்டிலுக்கு பி.பி. பார்த்திருக்கேன். 120/80. ரொம்ப ஆரோக்கியமான கட்டில்.

அக்கா யார்கிட்டயும் சொல்லல. ஷீட்டைக் கிழிச்சுப் போடவும் விடல. "தப்புன்னு ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு அந்த வார்டுல பாக்கி இருந்த ஷீட்ல எத்தனை பொய் என் கையெழுத்துல இருந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப் போய் ஒவ்வொருத்தருக்கா திரும்பப் பார்த்தேன். ஒரு பாட்டிக்கு பி.பி. 90க்குக் கீழ. நான் எழுதி வச்சிருந்தது 120/80. டிரிப் ஏத்தி, ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, பாட்டி தப்பிச்சாங்க. அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்கும்.

அதனாலதான் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கதையைப் படிச்சப்ப எனக்கு அப்படி ஆச்சு.

1894லிருந்து 1898 வரை பூத்தம் மாணவர். பூச்சி, வானிலை என்று நோட்டு போட்டவர். மேலே சொன்ன கிளார்க்தான் அங்கே அவருக்கு வானிலை ஆர்வத்தை ஊட்டியவர்களில் ஒருவர். பின்னாளில் வானிலைத் துறையில் வேலை. காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாவற்றுக்கும் சமன்பாடு இருக்கிறதே, கணக்குப் போட்டே நாளைய வானிலையைச் சொல்ல முடியாதா என்று யோசித்தார்.

நடுவில் முதல் உலகப் போர். 1916இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. குவேக்கர்கள் துப்பாக்கி எடுக்க மாட்டார்கள். எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ராணுவ வயதிலிருந்த குவேக்கர் ஆண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் போருக்குப் போனார்கள். மற்றவர்களில் பலர் நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார்கள். போர் தொடங்கிய 1914லேயே அதைக் கட்டியவர்களில் முன்னால் நின்றவர், ஒலிம்பிக் என்றேனே, அந்த பிலிப் நோயல்-பேக்கர். ரிச்சர்ட்சன் வேலையை விட்டுவிட்டு அதில் டிரைவர் ஆனார். பிரான்ஸில், பிரெஞ்சுப் படையோடு, அடிபட்டவர்களை ஏற்றி இறக்கும் வேலை.

ஓய்வு கிடைத்தபோது வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1910 மே 20ஆம் தேதி ஐரோப்பாவில் உண்மையில் எடுத்த அளவுகளை வைத்து, ஜெர்மனியில் ஒரு இடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று. பேப்பர், பென்சில், கையால் பெருக்கல். ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வாரம் போல ஆனது. விடை, 145 மில்லிபார் ஏறும். பூமியில் அப்படி நடக்கவே நடக்காது. அன்றைக்கு உண்மையில் அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

எவ்வளவு பெரிய தப்புன்னு சொல்லணும்னா, பேஷன்டுக்கு டெம்பரேச்சர் 98.4 இருக்கு, நீங்க 180ன்னு எழுதறீங்க.

1917இல் சாம்பேன் போர் நடந்தபோது கையெழுத்துப் பிரதி பின்னால் அனுப்பப்பட்டு, தொலைந்தும் போனது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அதோட விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்லை. அந்த உதாரணத்தை மட்டும் எடுத்துட்டு, மீதிக் கோட்பாட்டை அழகா வெளியிட்டிருக்கலாம். நானா இருந்தா அதான் செஞ்சிருப்பேன். 1922இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகப் புத்தகம் வந்தபோது, அந்தத் தப்பான விடை, போட்ட கணக்கு, எடுத்த அளவுகள், அட்டவணைகள் எல்லாம் உள்ளே இருந்தன. விடை பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார்.

1920இல் வானிலைத் துறையை விமானப் படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். போருக்கு உதவும் வேலை வேண்டாம் என்று மறுபடியும் ராஜினாமா. மீதி வாழ்க்கையில் பெரும்பகுதி போர்கள் ஏன் வருகின்றன என்பதைக் கணக்காக எழுதுவதில் போனது. எந்தச் சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பட்டியல் போட்டார். பூச்சி நோட்டு மாதிரியேதான், பொருள் மட்டும் வேற.

1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டரில் முதன்முறையாக வானிலையைக் கணித்தார்கள். அந்த முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார்கள், அவரும் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதினார். மூன்று வருஷம் கழித்து இறந்தார். அதன் பிறகு அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் என்ற வானிலை அறிஞர், 1922 புத்தகத்தில் இருந்த அதே அளவுகளை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அதே 145 வந்தது. அதாவது ரிச்சர்ட்சனின் கூட்டல் பெருக்கல் சரி. கோளாறு எங்கேன்னா, ஆரம்பத்தில் எடுத்த அளவுகளில் இருந்த சின்னச் சின்ன சமநிலையின்மையைச் சீர்செய்யாமல் அப்படியே கணக்கில் விட்டதில்தான். அதைச் சரிசெய்து ஓட்டினால் நம்பும்படியான விடை வந்தது. உங்க போன்ல காட்டற "மாலை 4 மணிக்கு மழை" இந்த வழியில் வந்ததுதான்.

பூத்தம் பள்ளியின் வாசகம் லத்தீனில் இருக்கிறது. நாமெல்லாம் ஒரு பெரிய உடம்பின் உறுப்புகள் என்று அர்த்தம். குவேக்கர் பள்ளிக்கு ரோமானிய செனெகாவின் வாக்கு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, அனாட்டமி நடத்தறவங்க வகுப்புக்குக் கடன் கேப்பாங்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பள்ளி தன் பெயரிலேயே ஒரு இதழும் நடத்துகிறது. இயற்கைச் சங்கமும் இருக்கிறது. முட்டை ஊதுவது மட்டும் நின்றுபோனது.

உங்க ஸ்கூல்ல கையெழுத்துப் பத்திரிகை இருந்துச்சா? பரண்ல, பீரோ அடியில ஒரு பிரதியாவது கிடக்கா? அதுல மழை பெஞ்ச தேதி, வேம்பு பூத்த தேதி, ஏரி நிறைஞ்ச தேதி ஏதாவது எழுதியிருந்தா ஒரு போட்டோ எடுத்து கீழ போடுங்க. தேதி சரியாத் தெரியலைன்னா, தெரியலைன்னே போடுங்க.